அச்சகத்தில் ஒரு நூல், அஞ்சலில் ஒரு கடிதம்

1902 ஜூன் 16 ஆம் திகதி, முப்பது வயதான ஆங்கிலேயர் ஒருவர் ஜேர்மனியின் யேனா நகரிலிருந்த கணிதப் பேராசிரியருக்குக் கடிதமொன்று எழுதினார். எழுதியவர் பேர்ட்ரண்ட் ரஸல். பெற்றவர் கொட்லொப் ஃபிரேக. எண்கணிதம் முழுவதையும் அளவையியலின் சில அடிப்படை விதிகளிலிருந்தே பெறலாம் என நிறுவுவது ஃபிரேகயின் வாழ்நாட் பணி. அதற்கான நூலின் முதற் பாகம் 1893 இல் வெளிவந்தபோது அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. இரண்டாம் பாகம் அச்சகத்தில் இருந்த வேளையிலேயே கடிதம் வந்து சேர்ந்தது.

அப்பணியைப் பெரிதும் பாராட்டிய ரஸல், ஓரிடத்தில் மாத்திரம் தமக்கு இடர்ப்பாடு தோன்றியதாகக் குறிப்பிட்டார். தமக்குத் தாமே உறுப்பாகாத தொடைகள் (தமிழகத்தில் கணங்கள் என்பர்) அனைத்தையும் திரட்டி ஒரு தொடையாக்கினால், அது தனக்குத் தானே உறுப்பாகுமா? ஆகும் என்றால் ஆகாது. ஆகாது என்றால் ஆகும். தம் பெயரைத் தம்முட் குறிக்காத பட்டியல்களை மட்டும், அவற்றை ஒன்றுவிடாமல், பதியும் பட்டியலொன்றை நூலகர் தயாரிக்கிறார் எனக் கொள்வோம். அதில் அதன் பெயரையே சேர்ப்பதா, விடுவதா? சேர்த்தாலும் பிழை, விட்டாலும் பிழை.

'நான் இப்போது சொல்வது பொய்' என்ற கூற்று மெய்யா, பொய்யா? கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கரான யூபுலிடீஸுக்கு உரியதெனப்படும் இப்பழம் புதிரின் உடன்பிறப்பே, ஃபிரேக இட்ட அத்திவாரத்தினுள் ஒளிந்திருந்தது.

ஃபிரேக மௌனம் காத்திருக்கலாம். நூலைப் படிப்போரே சிலர். பிழையைக் கண்டோர் அதனினும் சிலர். அவரோ ஜூன் 22 ஆம் திகதியே பதில் எழுதிவிட்டார். தாம் அதிர்ந்துபோனதையும் தமது அடித்தளம் ஆட்டங்கண்டதையும் ஒப்புக்கொண்டார். அதே கடிதத்தில், இக்கண்டுபிடிப்பு அளவையியலைப் பெரிதும் முன்னேற்றக்கூடும் என்றும் எழுதினார். 1903 இல் இரண்டாம் பாகம் வெளிவந்தபோது, ரஸலின் பெயரைக் கூறி, குறைபாட்டை விளக்கும் பின்னுரையொன்று அதில் இருந்தது. அங்கு அவர் முன்வைத்த பரிகாரமும் பிற்காலத்தில் பயனற்றதாயிற்று.

புதிர் அத்துடன் ஓயவில்லை. போதிய வளமுடைய முறைசார் மொழியொன்று, தன் கூற்றுகளின் உண்மையைத் தன்னுள்ளேயே வரையறுக்க முயன்றால் முரண்பாட்டில் அகப்படும் என்பதை 1933 இல் போலந்தின் அல்ஃப்ரெட் டார்ஸ்கி காட்டினார். அதனைச் செய்ய, அம்மொழிக்கு மேலான இன்னொரு மொழி வேண்டும்.

மொழிகள் பற்றிய இத்தேற்றத்தை மனிதருக்குப் பொருத்துவது அளவையியலுக்கு ஒவ்வாதுதான். ஆயினும் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு ஒன்று உறைக்கிறது. நமது பிழையைப் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒருவர்தான் சுட்டிக்காட்டுகிறார். நாமோ முதற்பக்கப் பிழைக்கு உட்பக்க மூலையில் நான்கு வரித் திருத்தம் வெளியிட்டு அமைதி கொள்கிறோம். ஃபிரேக தமது திருத்தத்தைத் தம் வாழ்நாட் பணியின் நூலுக்குள்ளேயே அச்சிட்டார்.

அறுபது ஆண்டுகளின் பின், 1962 இல், முதுமையடைந்திருந்த ரஸல் இதனை நினைவுகூர்ந்தார். உண்மைக்கு ஃபிரேக காட்டிய அர்ப்பணிப்புக்கு ஈடாகத் தாம் அறிந்த எதுவுமில்லை என்று எழுதினார். அந்நூலைக் குலைத்தவரே அளித்த சான்று அது.