முதல் வெற்றியின் களிப்பு: கிள்ளான் வட்டாரத் தமிழரும் தொடக்கக் காலத் தேர்தல்களும்

தேர்தலில் வென்றவர் மகிழ்வது இயல்பு. ஆயினும், வென்றவரினும் மிகுதியாகக் களிப்பவன் அவரைத் தன்னவராகக் கருதி அவருக்காக உழைத்த எளிய ஆதரவாளனே ஆவான். அவனுக்குப் பதவி இல்லை, ஊதியம் இல்லை. அடுத்த நாட்காலையில் அவன் வழக்கம்போல் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரத்தை நாடிச் செல்ல வேண்டியவன்தான். அவ்வாறிருந்தும் அவன் உள்ளம் பூரிக்கின்றது. இப்பூரிப்பின் வேர் யாது? மலேசியத் தமிழரின் வரலாற்றில், சிறப்பாகக் கிள்ளான் வட்டாரத் தமிழரின் வரலாற்றில், இவ்வினா ஆராயத்தக்க ஒன்றாகும்.

குடவோலை காட்டும் உண்மை

தமிழர்க்குத் தேர்தல் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்தனர். இதனைத் தமிழாசிரியர் அனைவரும் வகுப்பறையிற் பெருமிதத்துடன் கற்பிப்பர்.

எனினும் அக்கல்வெட்டின் மற்றொரு பகுதியையும் மாணவர் அறிதல் வேண்டும். முப்பத்தைந்து அகவைக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்டவராய், சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய் இருந்தவர் பெயரே குடத்துள் இடம்பெற்றது. நிலத்தில் உழைத்தவனின் பெயர் அதனுள் இல்லை. ஆகவே, தேர்தல் என்ற ஒன்று உளதா என்பது மட்டும் போதாது. அதில் யாருக்கு இடம் உண்டு என்பதே முதன்மையான வினாவாகும். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மலாயாத் தோட்டங்களிலும் அவ்வினாவே எழுந்தது.

தீவும் தோட்டமும்

கோலலங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு நிலப்பரப்பினின்றும் பிரித்து வைத்திருக்கும் கேரித்தீவு, மா மெரி என்னும் பழங்குடி மக்களின் உறைவிடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரி என்னும் ஆங்கிலத் தோட்ட முதலாளி சிலாங்கூர்ச் சுல்தானிடம் நிலம் பெற்றுத் தோட்டம் அமைத்தமையால் தீவு அவர் பெயரைப் பெற்றது. காட்டை அழித்து, அலைநீர் புகாவண்ணம் கரை கட்டி, இரப்பரும் தென்னையும் பின்னர்ச் செம்பனையும் வளர்த்தவருள் தமிழ்த் தொழிலாளரே பெரும்பான்மையினர். அவர்கள் உழைப்பிற் செழித்த தீவில், அவர்கள் பெயரால் ஒரு பிடி மண்ணும் இல்லை.

அக்காலத் தோட்ட வாழ்வின் தன்மையை 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் தெளிவாகக் காட்டும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் தொழிலாளரை ஒன்று திரட்டினார். அவர்தம் கோரிக்கைகளுள் கூலி உயர்வு ஒன்று. சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம் ஒன்று. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல் ஒன்று. இவற்றோடு, துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. கூலிக்கு இணையாக மானமும் கேட்கப்பட்டது என்பதே இதன் பொருள். நாதன் சிறை பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

மிதிவண்டியிற் செல்லவும் உரிமையற்றிருந்த அம்மக்கள், பதினான்கு ஆண்டுகளுக்குள் தம்மவர் ஒருவர் அமைச்சராவதைக் கண்டனர். பின்னர் எழுந்த களிப்பை இப்பின்னணியில் வைத்தே எடைபோடல் வேண்டும்.

1955: வாக்கில்லாதார் கொண்டாடிய வெற்றி

மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் 1955-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் நடைபெற்றது. கூட்டரசுச் சட்டமன்றத்தின் 98 இடங்களுள் 52 இடங்களுக்கு மட்டுமே தேர்தல். பாய்மரக் கப்பலைச் சின்னமாகக் கொண்ட கூட்டணி 51 இடங்களை வென்றது. எஞ்சிய ஓரிடம் இசுலாமியக் கட்சிக்குச் சென்றது. நாட்டின் மூத்த தலைவராய் விளங்கிய டத்தோ ஓன் ஜாபாரும் தோல்வியுற்றார்.

கூட்டணி நிறுத்திய இந்தியர் இருவரே. அவருள் ஒருவர் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவர் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டிற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, பேராவின் வட கிந்தாத் தொகுதியில் நின்று வென்ற அவர், துங்கு அப்துல் ரகுமானின் முதல் அமைச்சரவையில் தொழிலமைச்சரானார்.

ஈண்டு ஒரு புள்ளிவிவரம் கருதத்தக்கது. 1957-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயாவில் ஏறத்தாழ 7 இலட்சம் இந்தியர் வாழ்ந்தனர். மக்கள் தொகையில் நூற்றுக்குப் பதினொருவர். ஆனால் 1955-இல் பதிவு பெற்றிருந்த ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இலர். 1948-ஆம் ஆண்டுக் கூட்டரசு உடன்படிக்கை விதித்த குடியுரிமைக் கட்டுப்பாடுகளே இதற்குக் காரணம். வெளியிற் பிறந்தவர் கடந்த இருபது ஆண்டுகளுள் பதினைந்து ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ அறிந்திருக்க வேண்டும். எழுத்தறியாத, பிறப்புச் சான்றில்லாத தோட்டத் தொழிலாளிக்கு இவை கடத்தற்கரிய தடைகளாயின. 1952-இல் விதிகள் சற்றுத் தளர்த்தப்பட்டும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

ஆகவே 1955-இன் வெற்றியைக் கொண்டாடிய தமிழருள் மிகப் பலர் வாக்களிக்காதவர், வாக்களிக்க இயலாதவர். அவர்கள் மகிழ்ந்தது எதற்காக? மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, மானம். துரைக்கு முன் நின்று பேச அஞ்சிய சமுதாயத்தில் ஒருவர், துரைமாரை ஆளும் அமைச்சரவையில் அமர்ந்தார். இரண்டாவது, மொழி. 1946-இல் தோன்றிய காங்கிரசின் தொடக்கக் காலத் தலைமை பெரிதும் ஆங்கிலங் கற்றோர் கையில் இருந்தது. சம்பந்தன் காலத்தில் கட்சி தோட்டத்தை நோக்கித் திரும்பியது. மேடையிலே தமிழ் ஒலித்தது. தனக்கு விளங்கும் மொழியில் தன்னை ஒருவர் அழைத்தபோதுதான் தொழிலாளி அரசியலுக்குள் அடியெடுத்து வைத்தான். மூன்றாவது, நம்பிக்கை. இந்நாட்டிலே தங்குவதா, தாயகம் திரும்புவதா என்று ஊசலாடிய நெஞ்சங்களுக்கு, இங்கேயே நமக்கு ஓர் எதிர்காலம் உண்டு என்னும் உறுதியை அவ்வெற்றி அளித்தது.

அந்நம்பிக்கை வீண்போகவில்லை. நான்கு ஆண்டுகளில் விடுதலை என்று தேர்தலில் உறுதி கூறிய கூட்டணி, இரண்டே ஆண்டுகளில் அதனைப் பெற்றது. 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 முதல் ஓராண்டுக் காலம், மொழித் தேர்வின்றிக் குடியுரிமை பெற அரசியலமைப்பு இடமளித்தது. அதனைப் பயன்படுத்தி எண்ணற்றோர் குடிமக்களாயினர். தயங்கி நின்றோரும் பலர். அத்தயக்கத்தின் விலையைப் பின்னர் அவர்கள் கொடுக்க நேர்ந்தது.

1959: பிரிந்து மலர்ந்த மகிழ்ச்சி

விடுதலைக்குப் பின் வந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் நடந்தது. 104 இடங்களுள் கூட்டணி 74-ஐப் பெற்றது. கிள்ளான் தொகுதியில் கூட்டணியின் வெ. மாணிக்கவாசகம் வென்றார். பங்சார்த் தொகுதியில் தொழிற்சங்கவாதி வி. டேவிட்டும், டாமன்சாராத் தொகுதியில் கரம் சிங்கும் சோசலிச முன்னணியின் சார்பில் வென்றனர். கோலலங்காட்டில் வேளாண் அமைச்சர் அப்துல் அசிஸ் இசாக் வெற்றி பெற்றார்.

இம்முடிவுகளை ஒருசேர நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். 1955-இன் களிப்பு ஒருமுகமானது. 1959-இன் களிப்போ பலமுகமானது. கிள்ளானில் ஒரு தமிழ்க் குடும்பம் ஆளுங்கூட்டணியின் வெற்றிக்கு மாலை தொடுத்திருக்க, சில கல் தொலைவில் பங்சாரில் மற்றொரு தமிழ்க் குடும்பம் எதிர்க்கட்சியின் வெற்றிக்கு ஆரவாரித்திருக்கும். இதனை ஒற்றுமைக் குலைவு எனச் சிலர் வருந்துவர். ஆயினும், நம்மவர் என்பதற்காக மட்டுமன்றி, நமக்காகப் பேசுபவர் யார் என்று ஆய்ந்தும் வாக்களிக்கத் தமிழர் கற்றுக்கொண்ட காலம் அதுவே. இன எல்லையைக் கடந்தும் அவர் வாக்களித்தனர். சீனரும் மலாய்க்காரரும் இந்திய வேட்பாளரை ஆதரித்தனர். இந்தியர் மட்டும் வாக்களித்து எந்த இந்தியரும் அந்நாளில் நாடாளுமன்றம் சென்றிருக்க இயலாது.

ஆதரவு நிலையானதன்று என்பதையும் பங்சார் காட்டியது. 1964-ஆம் ஆண்டுத் தேர்தலில் டேவிட்டை அத்தொகுதி கைவிட்டது. மக்கள் செயல் கட்சியின் தேவன் நாயரைச் சிறு வாக்கு வேறுபாட்டில் தேர்ந்தெடுத்தது. தீபகற்பத்தில் அக்கட்சி பெற்ற ஒரே வெற்றி அதுவே. எனினும் டேவிட் ஓய்ந்துவிடவில்லை. மீண்டும் நாடாளுமன்றம் புகுந்தார். 1978 முதல் 1992 வரை மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச்செயலாளராகவும் பணியாற்றினார்.

களிப்பிற்குப் பின்

வெற்றி நாளின் ஆரவாரம் அடங்கிய பின்னரே அவ்வெற்றியின் பயன் அளக்கப்படும். பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். அதற்கு மாற்றாகச் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத் தொகையால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. மாணிக்கவாசகம் துணையமைச்சராய்த் தொடங்கித் தொழிலமைச்சரானார். 1973-இல் காங்கிரசின் தலைவரானார். நேசா கூட்டுறவுச் சங்கம் அவர் தலைமையில் உருவாயிற்று. இவை வெற்றியின் வரவு.

செலவும் உண்டு. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரவர், பிள்ளைகள் பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுக் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். அவ்வேளையில் தொழிலமைச்சர் பொறுப்பில் இருந்தவர் கிள்ளான் மக்கள் கொண்டாடித் தேர்ந்தெடுத்த மாணிக்கவாசகமே. அமைச்சரவையில் நம்மவர் ஒருவர் இருப்பதாலேயே நம் துயரனைத்தும் நீங்கிவிடும் என்னும் எண்ணம் பிழையானது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. தலைவரைக் குறைகூறுதல் இதன் நோக்கமன்று. ஒரு தலைவரின் ஆற்றல் அவர்பின் உள்ள வாக்குகளின் அளவினதே. வாக்கோ குடியுரிமையின் அளவினதே. 1957-க்குப் பின் கிட்டிய அவ்வோராண்டை முழுமையாகப் பயன்படுத்தியிருப்பின் துயரின் அளவு குறைந்திருக்கும்.

முடிவுரை

சம்பந்தனும் மாணிக்கவாசகமும் 1979-ஆம் ஆண்டில் சில திங்கள் இடைவெளியில் மறைந்தனர். தலைநகரின் பழைய பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று துன் சம்பந்தன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அச்சாலை வழியே நாளும் செல்லும் மாணவருள் எத்தனை பேர் அப்பெயரின் பின்னுள்ள வரலாற்றை அறிவர்?

2019-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் பதினெட்டு அகவை நிறைந்த மலேசியக் குடிமகன் எவனும் விண்ணப்பமின்றியே வாக்காளனாகின்றான். பாட்டனார் பதினைந்தாண்டு வாழ்வுக்குச் சான்று தேடி அலைந்தும் பெற இயலாத உரிமை, பெயரனை நாடி வீட்டிற்கே வருகின்றது. எளிதிற் கிட்டிய பொருளின் அருமை எளிதில் மறந்துபோம். ஆதலின் கேரித்தீவிலும் கிள்ளானிலும் உள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர், குடவோலையைக் கற்பிக்கும் அதே பாடவேளையில் 1955-ஐயும் கற்பித்தல் நன்று. வாக்கில்லாமலே மகிழ்ந்த ஒரு தலைமுறை இருந்தது என்பதை அறிந்த மாணவன், தன் கையிலுள்ள வாக்கை எண்ணிப் பார்த்தே பயன்படுத்துவான்.