நோ ஸ்பிரே கூட்டமைப்பு – நியூயார்க் நகர வழக்கு

நோ ஸ்பிரே கூட்டமைப்பு – நியூயார்க் நகர வழக்கு என்பது, கொசு ஒழிப்புக்காக நியூயார்க் நகர நிர்வாகம் தெருத்தெருவாகப் பூச்சிக்கொல்லி தெளித்ததை எதிர்த்து அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கு ஆகும். 2000இல் தொடுக்கப்பட்ட இவ்வழக்கு 2007இல் சமரச உடன்பாட்டில் முடிந்தது. அரசு பதிவுசெய்த பூச்சிக்கொல்லியே ஆனாலும், அது நீர்நிலைகளைச் சேரும்போது தூய நீர்ச் சட்டத்தின்கீழ் குடிமக்கள் வழக்காடலாம் என்று இதில் கிடைத்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது.

பின்னணி

1999 கோடையின் இறுதியில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் மூளையழற்சி நோயாளிகள் அடுத்தடுத்து மருத்துவமனைக்கு வந்தனர். முதலில் செயின்ட் லூயிஸ் மூளையழற்சி என்று கருதப்பட்ட நோய், கொசுக்கள் பரப்பும் மேற்கு நைல் வைரசால் வந்தது என்று பின்னர் உறுதியானது. மேற்கு அரைக்கோளத்தில் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அவ்வாண்டு நியூயார்க் வட்டாரத்தில் 62 பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். 7 பேர் இறந்தனர். காகங்களும் பெருமளவில் மடிந்தன.

மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் ஹெலிகாப்டர்களிலிருந்தும் லாரிகளிலிருந்தும் மாலத்தியான் தெளித்தது. பூச்சிகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இந்த ஆர்கனோபாஸ்பேட் மருந்தை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றுள் ஒன்றாக 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. 2000 முதல் நகரம் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு மாறியது. அவற்றுள் முதன்மையானது சுமித்ரினும் பைப்பரோனில் பியூட்டாக்சைடும் கலந்த ‘ஆன்வில்’. மனிதருக்கு ஒப்பீட்டளவில் நச்சுத்தன்மை குறைந்த பைரித்ராய்டுகள் மீன், இறால் வகை உயிரினங்களுக்குக் கொடிய நஞ்சு. தீவுகளும் கழிமுகங்களும் சேர்ந்த நகரில் வழக்கு தண்ணீரை மையமாகக் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழக்கின் போக்கு

தெளிப்பை எதிர்த்த நோ ஸ்பிரே கூட்டமைப்பும் வேறு சில அமைப்புகளும் தனிநபர்களும் 2000 ஜூலையில் வழக்குத் தொடுத்தனர். பூச்சிக்கொல்லிகளை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சிச் சட்டத்தில் குடிமக்கள் நேரடியாக வழக்காட வழியில்லை. 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தில் அவ்வழி உண்டு. எனவே, உரிமம் பெறாமல் நீர்நிலைகளில் மாசு கலப்பதாகவும், திடக்கழிவுச் சட்டம் மீறப்படுவதாகவும் வாதிட்டனர்.

மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் அதை உறுதிசெய்தது. கொசுவைக் கொல்லும் நோக்கத்துக்காகவே தெளிக்கப்படும் மருந்து, சட்டத்தின் பார்வையில் ‘வீசியெறியப்பட்ட கழிவு’ ஆகாது என்று அது கூறியது.

தூய நீர்ச் சட்டக் கோரிக்கையையும் மாவட்ட நீதிமன்றம் பின்னர் தள்ளுபடி செய்தது. அதன் சாரம் பூச்சிக்கொல்லிச் சட்ட மீறலே என்பது காரணம். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்பை மாற்றியது. ஒரு செயல் இரண்டு சட்டங்களையும் மீறக்கூடும். முதல் சட்டத்தில் வழக்குரிமை இல்லை என்பதற்காக இரண்டாவது சட்டம் தந்த உரிமை பறிபோகாது என்பது அதன் முடிவு.

உடன்பாடு

2007 ஏப்ரலில் நகரம் உடன்பாட்டுக்கு வந்தது. பூச்சிக்கொல்லிகள் தேவையான காலத்துக்கு அப்பாலும் சுற்றுச்சூழலில் தங்கக்கூடும், உடல்நலத்தைக் கெடுக்கக்கூடும், கொசுவைத் தின்னும் உயிரினங்களைக் கொல்லக்கூடும், கொசுக்களின் எதிர்ப்புத்திறனைக் கூட்டக்கூடும் என்று நகரம் ஒப்புக்கொண்டது. நீர்நிலைகள்மீது நேரடியாகத் தெளிக்க அம்மருந்துகளுக்கு ஒப்புதல் இல்லை என்பதையும் ஏற்றது. சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு 80,000 டாலர் வழங்கவும் இசைந்தது. தெளிப்பு முற்றிலும் நிற்கவில்லை.

தொடர்புடைய வழக்குகள்

2001இல் ஒன்பதாம் வட்ட நீதிமன்றம், ஓரிகன் மாநிலப் பாசனக் கால்வாயில் இடப்பட்ட களைக்கொல்லிக்கு வெளியேற்ற உரிமம் தேவை என்றது. 2006இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு இணங்கித் தெளிப்போருக்கு அவ்வுரிமத்திலிருந்து விலக்களித்தது. 2009இல் ஆறாம் வட்ட நீதிமன்றம் அந்த விதியை ரத்துசெய்தது. 2010இல் நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுன்டி தொடர்பான வழக்கில், லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பொருத்திய தெளிப்பான் மாசு வெளியேறும் மூலமே என்று இரண்டாம் வட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தாக்கம்

இத்தீர்ப்புகளின் விளைவாக, 2011 அக்டோபர் 31 முதல் நீர்நிலைகளிலும் அவற்றின்மேலும் அருகிலும் பூச்சிக்கொல்லி இடுவதற்குப் பொது உரிமம் நடைமுறைக்கு வந்தது. கொசு ஒழிப்பும் அதில் அடங்கும். மருந்தின் அளவைக் குறைப்பதும், பாதிப்பு தெரிந்தால் அறிவிப்பதும் தெளிப்போரின் கடமையாயின.

கொசுவால் பரவும் நோய் உயிரைப் பறிக்கிறது. அதைத் தடுப்பது நகரத்தின் கடமை. தேங்கிய நீரை அகற்றுவதும், மழைநீர் வடிகால்களில் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியத்தைக் கொண்டு புழுப்பருவத்திலேயே கொசுவை அழிப்பதும் அக்கடமையின் முதல் படிகள். வளர்ந்த கொசுக்களைக் கொல்ல ஊர்முழுக்க நஞ்சு தெளிப்பது கடைசிப் படி. அதையும் எடுத்துவைக்கும் நிர்வாகம், அந்த நஞ்சைச் சுவாசிக்கும் மக்களுக்கும் அது போய்ச்சேரும் நீருக்கும் பொறுப்புச் சொல்லியாக வேண்டும். ஏழாண்டு வழக்கு நிலைநாட்டிய நியாயம் இதுவே.