விதியும் மொழியும்

சட்டத்தை அறியேன் என்று கூறுதல் குற்றத்திற்குச் சமாதானமாகாது என்பது பழைய நீதி. அந்நீதி நிலைபெற வேண்டுமாயின், சட்டம் அதற்குட்பட்டோர் அறிந்த மொழியிற் சொல்லப்படுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறைப் பேஸ்போல் விளையாட்டில் ஊக்கமருந்துப் பரிசோதனை வளர்ந்த வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது.

கிரிக்கெட்டைப் போன்று மட்டையும் பந்துங்கொண்டு ஆடப்படும் இவ்விளையாட்டைப் பிழைப்பாகக் கொள்ள, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா முதலிய நாடுகளிலிருந்து ஸ்பானிய மொழி பேசும் இளைஞர் பலர் அமெரிக்கா செல்கின்றனர். அவருட் பலர் பதினாறு, பதினேழு வயதிலேயே ஒப்பந்தத்திற் கையொப்பமிடுவோர், வறிய குடும்பங்களிற் பிறந்தோர், ஆங்கிலம் அறியாதோர்.

ஊக்கமருந்துப் பரிசோதனை 2001ஆம் ஆண்டிற் கீழ்நிலைக் குழுக்களில் ஆரம்பமாயிற்று. அக்குழுக்களின் ஆட்டக்காரருக்கு அன்று தொழிற்சங்கம் இருக்கவில்லை. ஆகவே விதிகளை நிருவாகமே தனித்து வகுத்தது. உயர்நிலைக் குழுக்களிலோ, சங்கத்துடன் பேசி உடன்பட்ட பின்னர், 2003இற் பெயர் வெளியிடாத பரிசோதனை நடைபெற்றது. நூற்றுக்கு ஐவருக்கு மேற்பட்டோரிடம் மருந்து காணப்படவே, விதி இறுகியது. 2005இல் உயர்நிலையில் முதன்முதலாகத் தடைபெற்றவர் கியூபாவிற் பிறந்த அலெக்ஸ் சாஞ்செஸ். கடையிற் பகிரங்கமாக வாங்கிய பொருளையே உட்கொண்டதாக அவர் கூறினார். தடை பத்து நாட்கள். முதற் குற்றத்திற்கான தடை 2006இல் 50 ஆட்டங்களாகவும், 2014இல் 80 ஆட்டங்களாகவும் உயர்ந்தது. உடலிற் புகும் பொருள் எதுவாயினும் அதற்கு ஆட்டக்காரரே பொறுப்பாளி என்பது இவ்விதிகளின் அடிப்படை.

பொறுப்பு இவ்வளவு பெரிதாயின் எச்சரிக்கையும் அவ்வளவு தெளிவாயிருத்தல் வேண்டுமன்றோ? 2010இல், சிக்காகோ வைட் சொக்ஸ் குழுவை நடத்திய வெனிசுவேலா நாட்டவரான ஒஸ்ஸி கில்லென் இதனையே எழுப்பினார். யப்பானிய ஆட்டக்காரருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு, ஸ்பானிய மொழியினருக்கு இல்லை என்றார்; ஊக்கமருந்தின் தீமையை இளைஞருக்கு எடுத்துரைப்பவர் தாம் ஒருவரே என்றுங் குறைகூறினார். ஆங்கில வகுப்புகளும் ஊக்கமருந்து பற்றிய போதனையும் அளிக்கப்படுகின்றன என அவரது குழுவே மறுமொழி கூறிற்று.

போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த கார்லோஸ் பெல்ட்ரானின் வேண்டுகோளை அடுத்து, 2016 முதல் உயர்நிலைக் குழு ஒவ்வொன்றும் இரு ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை நியமித்தல் கட்டாயமாயிற்று. செய்தியாளருடன் உரையாடுதலே இதன் முதல் நோக்கம். கீழ்நிலை ஆட்டக்காரர் சங்கத்திற் சேர்ந்தது 2022இலேதான்.

தடைபெற்றோர் யாவரும் அறியாது தவறியவரல்லர். அறிந்தே மருந்துண்டோரும் உளர். ஆயினும் அறிந்தவனையும் அறியாதவனையும் பிரித்தறிய வேண்டுமாயின், இருவருக்கும் விதி ஒரேயளவு விளங்கியிருத்தல் வேண்டும். ஆய்வுகூடத்திற் சோதிக்கப்படும் சிறுநீருக்கு மொழியில்லை. அதற்கு முன் வரும் எச்சரிக்கைக்கும், பின் வரும் மேன்முறையீட்டிற்கும் மொழி உண்டு. தண்டனை முந்தி, மொழி பிந்திய இவ்வரலாறு, விதி செய்வோர் யாவருக்கும் ஒரு பாடமாகும்.