எளியோர் தேர்ந்த இசைக்கருவி

விலை உயர்ந்ததே சிறந்தது என்னும் எண்ணம் இசையுலகில் இன்றும் உண்டு. பேஸ் கித்தாரின் வரலாறோ வேறு பாடம் புகட்டுகின்றது.

1951ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பார் திண்மரத்தாலான மின்சார பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். டபுள் பேஸ் எனும் ஆளுயரப் பெரும்பிடிலைச் சுமந்து திரிந்த இசைஞர்க்கு அது பெருந்துணையாயிற்று. ஆயினும், கடல் கடந்து ஐரோப்பாவுக்கு வந்தபோது அதன் விலை எளியோர்க்கு எட்டவில்லை.

1961இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகர விடுதிகளில் வாசித்துவந்த பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னிக்கும் இந்நிலையே. பெண்டர் கருவிக்கு ஏறக்குறைய 100 பவுன் வேண்டும். அவரோ சுமார் 30 பவுனுக்கு ஹோப்னர் நிறுவனத்தின் பிடில் வடிவக் கருவியை வாங்கினார். மலிவு ஒன்றே காரணமன்று. அவர் இடக்கையர், இருபுறமும் ஒத்த வடிவாதலின் இடக்கைக்கு மாற்றினும் அதன் அழகு குன்றாது. உட்குடைந்ததாதலின் எடையும் குறைவு. தந்தி நீளம் 30 அங்குலமே; பெண்டருடையதோ 34 அங்குலம்.

அதனைச் செய்தோரும் துயர் அறிந்தோரே. போஹீமியாவின் ஷோன்பாக்கில் 1887இல் தோன்றிய அக்குடும்பத்தொழில், இரண்டாம் உலகப்போருக்குப்பின் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபோது மண்ணிழந்தது. பவேரியாவில் மீண்டும் வேரூன்றியது. அங்கு 1950களில் உருவானதே இக்கருவி.

1972இல் லண்டனில் களவுபோன அது உரியவரிடம் மீண்ட செய்தி 2024இல் வெளியாயிற்று. பழுதுற்று வந்த போதிலும் அதன் மதிப்புக் குறையவில்லை.

பழைய கருவி வாங்க விழைவோர் பெயரைப் பார்ப்பதினும், கழுத்து வளைந்துளதா, சுருதி பிசகாது ஒலிக்கின்றதா, கைக்கு இசைகின்றதா எனப் பார்த்தலே அறிவுடைமை.