கொழும்பில் பழைய அமெரிக்க மோட்டார் வண்டிகள்

பழைய அமெரிக்க வண்டியின் ஆயுளைக் கொழும்பில் நிர்ணயித்தவை கடற்காற்றும் அந்நியச் செலாவணியுமே எனலாம். கடலையடுத்த வெள்ளவத்தையிலும் துறைமுகத்தையொட்டிய கொட்டாஞ்சேனையிலும் உப்புக்காற்றினால் தகடு கறள்பிடித்தது. முற்காலப் பிரித்தானிய வண்டிகளுக்குரிய விட்வேர்த் அளவு ஸ்பானர்கள் ஃபோர்ட், செவ்ரோலெட் வண்டிகளின் திருகாணிகளுக்குப் பொருந்தவில்லை. 1960களின் தொடக்கத்தில் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்படவே, உதிரிப்பாகங்கள் அரிதாயின. ஒரு வண்டியின் சிதைவே மற்றொன்றின் உயிராயிற்று. கிடைக்காத பாகத்தைக் கடைசற்பட்டறைத் தொழிலாளர் கடைந்தளித்தனர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம் பெரிய எந்திரங்களைப் பெருஞ்சுமையாக்கியது. 1977இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபின் யப்பானிய வண்டிகள் பெருகின. வண்டியின் முகப்பில் உற்பத்தியாளர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை வாழவைத்த தொழிலாளரின் பெயரை நகர வரலாறே பொறித்தல் வேண்டும்.