ராணுவத்திலிருந்து வீட்டுக்காரர் லீவில் வர்றாரா? முதல் நாள் ராத்திரி சாப்பாட்டை இப்படி பிளான் பண்ணுங்க!

மட்டன் பிரியாணி, சிக்கன் வறுவல், மீன் குழம்பு, முட்டை, வடை, பாயசம்னு எண்ணிப் பார்த்தா மொத்தம் பதினாலு ஐட்டம். என் பெரியம்மா பொண்ணு, அதாவது எங்க அக்கா, கல்யாணமான ரெண்டாவது வருஷம் மாமா லே பக்கத்திலிருந்து முதல் முறையா லீவில் வந்தப்போ சமைச்சது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவள் ராத்திரி எட்டு மணிவரை அடுப்படியை விட்டு வெளியே வரலை. வீட்டில் இருபத்தஞ்சு பேர். மூணு நாள் ரயிலில் வந்த மாமா, ரெண்டு வாய் பிரியாணி எடுத்து வெச்சுட்டு, "ரசம் இருக்கா?"ன்னு கேட்டார். ரசம் இல்லை. அந்தப் பதினாலில் அது மட்டும் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அப்புறம்தான் நடந்தது. ஒன்றரை வயசுக் குழந்தை அப்பாவைப் பார்த்து வீறிட்டு அழுதது. சொந்தக்காரங்க எல்லாரும் சிரிச்சாங்க. மாமா எழுந்து மொட்டை மாடிக்குப் போயிட்டார். "அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் பேசின மொத்த வார்த்தை பத்து இருக்கும்"னு அக்கா இப்பவும் சொல்வாள்.

வேலூர் பக்கம் இந்தக் கதை நிறைய வீடுகளில் உண்டு. 'ராணுவப்பேட்டை'ன்னே பேர் வாங்கிய கம்மவான்பேட்டை இருக்கிற மாவட்டமாச்சே! இந்திய ராணுவத்தில் ஜவான்களுக்குப் பொதுவா வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அதுவும் ஒரேயடியா கிடைக்காது. பிரிச்சுப் பிரிச்சுத்தான் வரும். அப்படி வர்ற நாள்களில் முதல் ராத்திரி சாப்பாட்டுக்கு வீடே பதறுவது இயல்புதான். ஆனா, பதறாமலும் செய்யலாம். அக்காவோட நாலு 'வரவேற்பு'களைப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவத்திலும், லீவில் வந்தவங்க சிலர்கிட்ட கேட்டதிலும் தெரிஞ்சுகிட்டது இதெல்லாம்.

தேதியை நம்பாதீங்க

லீவு சாங்ஷன் ஆனதும் போன் வரும். உடனே நாம நாள் குறிச்சு, ஆள் சொல்லி, கறிக்கு அட்வான்ஸ் கொடுத்துடுவோம். ஆனா, லடாக்கில் இருப்பவருக்கு லீவு கிடைச்சாலும் கீழே இறங்க வானம் வழிவிடணும். பனிக்காலத்தில் ஸ்ரீநகர் - லே சாலையில் சோஜிலா கணவாய் மூடிடும், அப்போ விமானம்தான். மேகம் சூழ்ந்தா அதுவும் கிளம்பாது. வட எல்லையில் பதற்றம் வந்தா கதை இன்னும் மோசம். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் சமயத்தில் ஊருக்கு வந்திருந்தவங்களே பாதி லீவில் பெட்டியைக் கட்டினாங்க.

அதனால தள்ளிப்போனாலும் கெடாத சமையலாகத் திட்டம் போடுங்க. பருப்புப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு இதையெல்லாம் ரெண்டு மூணு நாள் முன்னாடியே செஞ்சு வைக்கலாம். வத்தக்குழம்பு மறுநாள்தான் ருசியே! இட்லி மாவு அரைச்சு ஃபிரிட்ஜில் வெச்சா நாலு நாள் தாங்கும். பிரியாணிக்கு வேண்டிய காய்ந்த மிளகாய் விழுது, இஞ்சி பூண்டு விழுது ரெண்டும் அரைச்சு வெச்சிடுங்க.

கறி, மீன் மட்டும் கடைசியில். அக்கா ஒரு விதி வெச்சிருக்காள்: "விஜயவாடா தாண்டிட்டேன்னு மெசேஜ் வந்த பிறகுதான் கறிக்கடை". விஜயவாடாவிலிருந்து சென்னைக்கே இன்னும் ஆறேழு மணி நேரம் ஆகும், கறி வாங்கிக் கழுவி ஊறவைக்க அது தாராளம். முன்கூட்டியே வாங்கி ஃப்ரீசரில் வெச்சா ஒரு தடவைதான் வெளியே எடுக்கணும். உருகின கறியைத் திரும்பவும் ஃப்ரீசரில் தள்ளாதீங்க.

இன்னொண்ணு. அவர் எந்தத் தேதியில், எந்த ரயிலில், எந்த இடத்திலிருந்து கிளம்புறார்ங்கிறதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது. '3 டேஸ் டு கோ'ன்னு கவுன்ட் டவுன் ரீல்ஸ் வேண்டவே வேண்டாம். 2020-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை வீரர்கள் போனிலிருந்து நீக்கச் சொன்னது ராணுவம். அவர் அவ்வளவு கட்டுப்பாடா இருக்கும்போது தகவல் நம்ம வீட்டிலிருந்து போகலாமா? போட்டோவை லீவு முடிஞ்சு, அவர் சரின்னு சொன்ன பிறகு போடுங்க.

அவர் நாக்கு எங்கிருந்து வருது?

இதை யோசிச்சுட்டுதான் மெனுவுக்கே போகணும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதிச்சுடும். சியாச்சின் பக்கம் 5,000 மீட்டருக்கு மேலே போனா 83 டிகிரி சுத்தி. குக்கர் இல்லாம அரிசியும் பருப்பும் ஒழுங்கா வேகாது. உயரத்தில் பசியே எடுக்காது, தூக்கமும் சரியா வராது. மேலே இருக்கிற போஸ்ட்களில் பெரும்பாலும் டின்னில் அடைச்சது, காயவெச்சது, உலர்பழம், சாக்லேட். கீழே யூனிட்டில் இருந்தா 'லங்கர்'னு சொல்ற பொதுச் சமையலறையில் ரொட்டி, பருப்பு, சப்ஜி. சவுத் இண்டியன் யூனிட்டா இருந்தா சாம்பார், சாதம் கிடைக்கும். ஆனா, நூறு பேருக்குச் செய்யும் சாம்பார் வேற, அம்மா செய்யும் சாம்பார் வேற.

ஆக, அவங்க ஏங்குவது பெரும்பாலும் பிரியாணிக்கு இல்லை. விசேஷ நாள்ல யூனிட்டில் 'படா கானா' நடக்கும். அதிகாரிகளும் ஜவான்களும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. கறியெல்லாம் அதிலேயே வந்துடும். அங்கே கிடைக்காதது பச்சையா, சூடா, நம்ம ஊர் வாசனையோட இருக்கிற சாதாரணச் சாப்பாடு. நான் கேட்டவங்க சொன்ன பதில்கள்: கீரை மசியல், பச்சை மொச்சைக் குழம்பு, தேங்காய்ச் சட்னி, கருவாட்டுக் குழம்போடு கேழ்வரகுக் களி. ஒருத்தர் "வாழை இலை"ன்னு மட்டும் சொன்னார். அதில் என்ன வெச்சாலும் சரியாம்!

உங்க வீட்டுக்காரர்கிட்டேயே கேட்டுடுங்க. 'சர்ப்ரைஸ்'னு நினைச்சு கேட்காம விட்டதுதான் எங்க அக்கா செஞ்ச முதல் தப்பு. "என்ன வேணும்?"னு பொதுவா கேட்டா "எதுவானாலும் சரி"ன்னுதான் பதில் வரும். "ரசமா, மோர்க்குழம்பா?"ன்னு கேளுங்க. அப்போ வாய் திறக்கும்.

ஒரு மெனு, நாலு பேருக்கு

ரெண்டாவது வருஷம் அக்கா செஞ்சது இது. சூடான சாதம், மிளகு ரசம், பருப்புத் துவையல், முள் கத்திரிக்காய் கடைசல், அப்பளம், தயிர். புவிசார் குறியீடு வாங்கின எங்க இலவம்பாடி முள் கத்திரிக்காய்தான், வேற எதிலும் அந்தக் கடைசல் குழையாது. அசைவத்துக்கு அரைக் கிலோ மட்டனில் மிளகு வறுவல் மட்டும். காரமும் எண்ணெயும் பாதி. மூணு நாள் ரயில் சாப்பாடு சாப்பிட்ட வயிறு அது, முதல் ராத்திரியே அதைச் சோதிக்க வேண்டாம்.

பிரியாணி? மறுநாள் மதியம். நாலு பேருக்கு அரைக் கிலோ சீரக சம்பா, முக்கால் கிலோ மட்டன், தொட்டுக்க கத்திரிக்காய்த் தொக்கு. அப்போ தூங்கி எழுந்து, குளிச்சு, பசியோட உட்காருவார். ஆம்பூர் பிரியாணிக்கு உரிய மரியாதையும் கிடைக்கும்!

சமையலை அவர் ஸ்டேஷனில் இறங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே முடிச்சுடுங்க. அப்பளம் பொரிப்பது மட்டும் மிச்சம் இருக்கட்டும். நீங்களும் குளிச்சு, தலை வாரி, வாசலில் நிக்கணும். வியர்த்து வழிஞ்சு கரண்டியோட நின்ன அந்த முதல் வருஷ போட்டோவை அக்கா யாருக்கும் காட்டுறதில்லை.

மாமியார் குழம்பு யாருடையது?

கொஞ்சம் நாசூக்கான விஷயம். பிள்ளைக்கு முதல் வாய் தன் கையால் போடணும்னு அவங்க அம்மாவுக்கும் இருக்கும். காத்திருந்தது நீங்க மட்டும் இல்லையே. "அத்தை, அவருக்கு உங்க ரசம்தான் பிடிக்கும், அது மட்டும் நீங்க வெச்சிடுங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிட்டா பாதிப் பிரச்னை தீர்ந்தது. பரிமாறுவதும் அவங்களே செய்யட்டும். நீங்க அவர் பக்கத்தில் இலை போட்டு உட்காருங்க. நம்ம வீடுகளில் மனைவி கடைசியில் சாப்பிடணும்கிற வழக்கத்துக்கு அன்னைக்கு ஒரு நாளாவது லீவு கொடுங்களேன். வருஷம் பூரா பால் கணக்கிலிருந்து ஸ்கூல் ஃபீஸ் வரைக்கும் தனியாப் பார்த்தவங்க நீங்கதான்.

குவார்ட்டர்ஸில் இருக்கிறவங்களுக்கு இந்தப் பஞ்சாயத்து கிடையாது. ஆனா, வெல்லம் போடாத சாம்பாருக்குக்கூட ஆள் தேடணும். பக்கத்து வீட்டு பஞ்சாபி அக்கா ஆலு பராத்தா கொண்டு வந்தா வாங்கி வெச்சுக்குங்க, காலை டிபன் ஆச்சு.

சொந்தக்காரங்களை எப்போ கூப்பிடுறது?

மூணாம் நாள். அதுக்கு முன்னாடி வேண்டாம். மனசு கேட்காத சித்தப்பாக்கள் முதல் நாளே வருவாங்க. அதில் சிலர் வருவது எதுக்குன்னு ஊருக்கே தெரியும். 'மிலிட்டரி சரக்கு' எத்தனை பாட்டில் வந்திருக்குன்னு பார்க்கத்தான்! அவர் பெட்டியைத் திறக்குறதுக்குள்ளே கேன்டீன் கோட்டா பங்கு பிரிஞ்சிடும். குடிக்கிற பழக்கம் இருக்கிற வீடா இருந்தா, முதல் ராத்திரி பாட்டில் திறக்கிறதில்லைன்னு அவரும் நீங்களும் போனிலேயே பேசி முடிவு பண்ணிடுங்க. வெளியில் சொல்லும்போது பழியை நீங்களே ஏத்துக்கலாம். "அண்ணி ரொம்ப ஸ்ட்ரிக்ட்"னு பேர் வந்தா வரட்டும்.

வர்றவங்க கேட்கும் கேள்விகளுக்கும் ஒரு வேலி போடணும். "எத்தனை பேரைச் சுட்டே?"ன்னு சோத்துக்கு நடுவில் கேட்கிற ஆட்கள் இருக்காங்க. அந்த நேரம் "மாமா, அப்பளம் போட்டுக்குங்க"ன்னு குறுக்கே புகுந்துடுங்க. அவரா சொன்னா கேட்கலாம். நாமா தோண்டக் கூடாது. வாசலில் பட்டாசு வெடிச்சு வரவேற்கலாமான்னும் சில பசங்க கேட்பாங்க. ஆரத்தி போதும்.

குழந்தை அழுதா...

அழும். ஒரு வயசு, ரெண்டு வயசுக் குழந்தைக்கு அப்பாங்கிறவர் போனுக்குள் இருக்கிற முகம்தான். திடீர்னு ஆறடி உயரத்தில், மீசையோட, வேற வாசனையோட வந்தா பயப்படாதா? இழுத்து மடியில் திணிக்காதீங்க. குழந்தை உங்க இடுப்பிலேயே இருக்கட்டும், அவர் பக்கத்தில் சும்மா உட்காரட்டும். சாப்பிடும்போது குழந்தை கையில் ஒரு அப்பளம் கொடுத்து "அப்பா இலையில் வை"ன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டாவது வருஷம் எங்க குட்டி அப்படித்தான் ஆரம்பிச்சாள். முதல் அப்பளத்தைத் தூக்கி எறிஞ்சாள். ரெண்டாவதைப் பாதி கடிச்சுட்டு இலையில் வெச்சாள். மாமா அந்த மீதிப் பாதியை ரொம்ப நேரம் சாப்பிட்டார்.

இதை முன்கூட்டியே அவர்கிட்ட சொல்லி வைக்கிறதும் முக்கியம். "பாப்பா உடனே வர மாட்டாள், ரெண்டு நாள் ஆகும், அது உங்க மேலே கோபம் இல்லை"ன்னு.

மனைவி சீருடையில் இருந்தா?

சி.ஆர்.பி.எஃப்-இல் முதல் மகளிர் பட்டாலியன் 1986-லேயே வந்தாச்சு. ராணுவ நர்ஸ்கள், அதிகாரிகள்னு லீவில் வீட்டுக்கு வரும் பெண்கள் இப்போ நிறைய. வந்து இறங்கினதும் "அப்பாடா, இனி நீ பார்த்துக்கோ"ன்னு கரண்டியைக் கையில் கொடுக்கிற கணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: மேலே இருக்கிற மெனுவில் ரசமும் துவையலும் அரை மணி நேர வேலைதான் சார். யூடியூப் இருக்கு.

அவர் சாப்பிடலைன்னா?

முதல் ராத்திரி கொஞ்சமா சாப்பிட்டா, சீக்கிரம் எழுந்தா, பேச்சு குறைவா இருந்தா மனசில் வெச்சுக்காதீங்க. அங்கே பத்து நிமிஷத்தில் தட்டைக் காலி பண்ணிப் பழகினவங்க. நடுராத்திரி முழிச்சு வீட்டைச் சுத்தி வரலாம், ஃபேன் சத்தம்கூடப் பிடிக்காமல் போகலாம். சில நாளில் சரியாகும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதுக்கெடுத்தாலும் எரிச்சல், யாரோடும் ஒட்டலைன்னா தள்ளிப்போடாம உதவி தேடுங்க. மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். அவர் பேச மறுத்தா நீங்க பேசுங்க.

போன மாசம் மாமா நாலாவது முறையா வந்தார். ரயில் ஒன்பது மணி நேரம் லேட். ரசத்தைத் திரும்பச் சூடு பண்ணினதுதான் மிச்சம். ராத்திரி ஒன்றரைக்கு வீட்டுக்குள் வந்தவருக்கு அக்கா தயிர்சாதமும் மாவடுவும் வெச்சாள். சமையல்கட்டில் தரையிலேயே உட்கார்ந்து ரெண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டாங்களாம். மிளகு வறுவல் காலையில் இட்லிக்கு ஆச்சு. நான்தான் பாதியைக் காலி பண்ணினேன்.