செர்மாக் சாலை: ஒரு பிழைதிருத்தம்



சிகாகோவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். தெருமுனைப் பெயர்ப்பலகை. 'செர்மாக் ரோடு' என்று போட்டிருந்தது. "சார், பத்தாம் வகுப்பில் நீங்கள் சொன்ன மேயர் இவர்தானே?" என்று கேட்டிருந்தார். பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு எப்போதோ சொன்ன கதை ஒரு பையன் மனதில் தங்கியிருக்கிறது என்றால் எந்த வாத்தியாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கதையின் முடிவை நான் தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மூன்று வருஷம் அல்ல, ஓய்வு பெறும் வரைக்கும். அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஆன்டன் செர்மாக். 1873இல் பொஹீமியாவில், கிளாட்னோ என்ற ஊரில் பிறந்தவர். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு, இன்று செக் நாடு. அடுத்த வருஷமே கைக்குழந்தையோடு குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. இல்லினாய் மாநிலத்தில் பிரெய்ட்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பாவுக்குச் சுரங்க வேலை. பையனும் சில வகுப்புகளோடு படிப்பை விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கினான். வயது பதினாறு பதினேழில் சிகாகோ வந்து, குதிரை இழுக்கும் டிராம் வண்டியில் எடுபிடி ஆள். பிறகு சொந்தமாக ஒரு குதிரை வண்டி வாங்கி விறகு வியாபாரம். செக் மக்கள் நிறைந்த பகுதியில் வீடு வீடாக விறகு போட்டவருக்கு எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று தெரியாமலா போகும்? 1902இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், 1909இல் நகர கவுன்சிலர், 1922இல் சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியின் நிர்வாகத் தலைவர் என்று ஏறினார். 1928இல் செனட் தேர்தலில் மட்டும் தோற்றார்.

அவர் கையில் இருந்த ஆயுதம் பீர் என்றால் சிரிப்பீர்கள். செக், ஜெர்மன், போலிஷ் குடியேறிகளுக்குக் கல்யாணம் என்றாலும் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பக் கூடல் என்றாலும் பீர் வேண்டும். மதுவிலக்கு கேட்டவர்களுக்கோ இந்தப் புதுக் கூட்டத்தையே பிடிக்காது. மதுவிலக்கை எதிர்த்த குடியேறிகளின் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. செர்மாக் அதன் செயலாளர். தேவாலயத்தில் சேராதவர்கள் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மதுக்கடைக்காரர்களின் பணமும் அங்கேதான் புழங்கியது, அதையும் மறைக்க வேண்டாம். ஐரிஷ்காரர்கள் பிடியில் இருந்த ஜனநாயகக் கட்சிக்குள் செக், போலிஷ், யூத, ஜெர்மன் ஆட்களுக்குப் பங்கு கொடுத்து ஒரு கூட்டணி கட்டினார். இவரும் உத்தமர் அல்ல. அரசியலில் இருந்துகொண்டே மனைத் தொழிலிலும் வங்கியிலும் நன்றாகச் சம்பாதித்தார்.

1931 மேயர் தேர்தலில் எதிரே நின்றவர் 'பிக் பில்' தாம்சன். அல் கபோன் காலத்து மேயர். வாதம் தீர்ந்துபோனவர்கள் செய்வதையே அவரும் செய்தார். 'தள்ளுவண்டி டோனி' என்று கேலி பேசினார். இப்படி ஒரு பெயர் வைத்திருப்பவனை மேயர் நாற்காலியில் உட்கார வைப்பதா என்று கூட்டம் கூட்டமாகக் கேட்டார். செர்மாக் சொன்ன பதில் இன்றும் பேசப்படுகிறது. மேஃப்ளவர் கப்பலில் நான் வரவில்லைதான், ஆனால் என்னால் முடிந்தவரை சீக்கிரமாக வந்துவிட்டேன் என்றார். (1620இல் முதல் குடியேறிகள் சிலரைக் கொண்டுவந்த கப்பல் மேஃப்ளவர். 'பரம்பரை அமெரிக்கர்' என்று பெருமை பேசுகிறவர்களின் குலச் சின்னம் அது.) கேலிக்கு ஆளான பெயர்க்காரர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். 1,90,000க்கும் அதிகமான வாக்கு வித்தியாசம். அதற்குப் பிறகு இன்றுவரை குடியரசுக் கட்சிக்காரர் யாரும் சிகாகோ மேயர் ஆனதில்லை.

தாம்சனுக்கு ஓட்டுப் போட்ட கறுப்பின மக்களிடம் செர்மாக் பெருந்தன்மையாக நடந்துகொள்ளவில்லை. நகராட்சித் தற்காலிக வேலைகளில் இருந்த பலர் வெளியேற்றப்பட்டார்கள். வகுப்பில் இதை நான் சொன்னதே இல்லை.

அவருக்குக் கிடைத்தது காலியான கஜானா. பள்ளிகளுக்கான பணம் சொத்து வரியிலிருந்து வர வேண்டும். வரி மதிப்பீட்டைத் திருத்தப் போய் வசூலே முடங்கிக் கிடந்தது. பிறகு பெருமந்தம் வந்தது. பெரிய சொத்துக்காரர்கள் சேர்ந்து வரி கட்ட மாட்டோம் என்று நின்றார்கள். ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. சில மாதம் ரொக்கத்துக்குப் பதில் பின்னால் பணம் தருவதாக ஒரு சீட்டு. கடைக்காரர்கள் அதை முழு மதிப்புக்கு வாங்க மாட்டார்கள். அப்படியும் அவர்கள் பள்ளிக்குப் போனார்கள், பாடம் நடத்தினார்கள்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வகுப்பில் என் குரல் மாறும் என்று உங்களில் சிலர் பிற்பாடு கேலி செய்திருக்கிறீர்கள். காரணம் இப்போது சொல்லலாம். நான் முதலில் சேர்ந்த உதவிபெறும் பள்ளியில் (பெயர் வேண்டாம்) நியமன ஒப்புதல் வர ஏழு மாதம் ஆனது. அதுவரை சம்பளம் கிடையாது. மளிகைக் கடை நோட்டில் என் பேரில் பக்கம் பக்கமாகக் கடன். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது அப்போதுதான். உறவுகளில் பெரியவர்களுக்கு இது தெரியும்.

செர்மாக் வாஷிங்டன் போய்ப் பணம் கேட்டார். இப்போது கடன் கொடுங்கள், இல்லாவிட்டால் பிறகு ராணுவத்தை அனுப்ப வேண்டிவரும், அதற்குச் செலவு அதிகம் என்ற தோரணையில் பேசினார். 1932இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த மாநாடு சிகாகோவிலேயே நடந்தது. அங்கே அவர் ரூஸ்வெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர். ஜெயித்ததோ ரூஸ்வெல்ட். உறவைச் சரிசெய்தால்தான் நகரத்துக்குக் காசு வரும் என்ற நிலைமை. அதனால் மயாமிக்குப் போனார்.

1933 பிப்ரவரி 15, இரவு. பேஃப்ரன்ட் பூங்கா. பதவியேற்காத ரூஸ்வெல்ட் திறந்த காரில் உட்கார்ந்தபடியே சுருக்கமாகப் பேசி முடித்தார். செர்மாக் அருகில் வந்தார். கூட்டத்தில் ஜுசெப்பே சங்காரா என்ற கொத்தனார், இத்தாலியிலிருந்து 1923இல் குடியேறியவர், குள்ளமானவர் என்பதால் ஒரு ஆடும் நாற்காலிமேல் ஏறி ஐந்து முறை சுட்டார். ஐந்து பேர் மேல் குண்டு பாய்ந்தது. ரூஸ்வெல்ட் மேல் படவில்லை. செர்மாக்கைத் தன் காரிலேயே ஏற்றித் தாங்கிப் பிடித்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார் அவர். மார்ச் 6 அன்று செர்மாக் இறந்தார். சங்காராவுக்கு மார்ச் 20 அன்றே மின்சார நாற்காலி. அந்த வேகம் இன்றும் எனக்குப் புரியவில்லை. குறி செர்மாக்தான், பின்னால் சிகாகோ ரவுடிக் கும்பல் இருந்தது என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. சங்காராவே தன் குறி ரூஸ்வெல்ட் என்றுதான் சொன்னார்.

இனி என் தவறு. "உங்களுக்குப் பதில் எனக்குப் பட்டதே, அதில் எனக்கு மகிழ்ச்சி" என்று காரில் ரூஸ்வெல்ட்டிடம் செர்மாக் சொன்னதாக உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சில வருஷம் கண்ணீரே வரும்படி சொல்லியிருக்கிறேன். அவர் கல்லறையிலும் அந்த வாசகம்தான் பொறித்திருக்கிறது. ஆனால் அதை உலகத்துக்குச் சொன்னது ஒரு சிகாகோ செய்தியாளர். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை நம்புவதில்லை. நான் நம்பினேன். கல்லில் வெட்டியிருக்கிறதே என்று மேற்கொண்டு தேடவில்லை. பிற்காலக் கல்வெட்டை எப்படிச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்று அதே வகுப்பில் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

சம்பளம்? செர்மாக் இறந்த அடுத்த மாதம் சிகாகோ ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வங்கிகளுக்குள் புகுந்து போராடினார்கள். 1934இல் மத்திய அரசின் கடன் உதவி வந்த பிறகுதான் பாக்கி தீர்ந்தது.

தம்பி, நீ படம் எடுத்த அந்தச் சாலை அதுவரை 22ஆம் தெரு. அவர் இறந்த பிறகுதான் இந்தப் பெயர். கல்லறை நகரின் வடக்கே பொஹீமியன் நேஷனல் மயானத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வர முடிந்தால், அந்த வாசகத்தைப் படம் எடுத்து அனுப்பு. இந்தப் பதிவுக்குக் கீழேயே போட்டுவிடுகிறேன்.